வராமல் இருந்தவர்களுக்கு நன்றி

நேற்று சாயங்காலம் என் பையனின் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்த்த ரிப்போர்ட், வந்தது. ‘வளர்ச்சி இல்லை’ என்று ஒரே வரி. வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை, வளர்ச்சி இல்லை என்று டாக்டர்கள் சொல்லச் சொல்ல ஆறு வருஷம் அழுதவள் நான். நேற்று அதே வார்த்தையைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன்.

காய்ச்சலோடு ஓடிய அந்தப் பத்து நாட்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கே எல்லாம் தெரியும். சிறுநீரகம் மாற்றிய மூன்றாவது மாதத்தில், கரை தெரிகிற நேரத்தில், கை நழுவப் பார்த்தது, நழுவவில்லை. அவ்வளவுதான்.

அத்தைக்கு நன்றி சொன்னால் திட்டு விழும். 57 வயதில் பேரனுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு, ஏதோ பரணிலிருந்து பாத்திரம் எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறார். 1994ஆம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டத்தில் தாத்தா பாட்டி ‘நெருங்கிய உறவு’ பட்டியலிலேயே இல்லையாம். 2011இல் திருத்திய பிறகுதான் சேர்த்தார்கள். இதை அத்தையிடம் சொன்னபோது, “சட்டம் எழுதினவன் பாட்டி கையில சோறு தின்னிருக்க மாட்டான்” என்றார்.

நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவில்லை என்றால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள். ஹார்லிக்ஸ், ஆப்பிள், காகிதத்தில் மடித்த விபூதி. இந்த முறை நீங்கள் யாரும் வரவில்லை. வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா? பாட்டியுடைய சிறுநீரகமாகவே இருந்தாலும் அவன் உடம்புக்கு அது அந்நியம். உடம்பு அதன்மேல் பாயாமல் இருக்க டேக்ரோலிமஸ் கொடுக்கிறார்கள். ஜப்பானில் சுகுபா என்ற ஊரின் மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 1984இல் கண்டுபிடித்த மருந்து. பாக்டீரியா கொடுத்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு பாக்டீரியாவுக்குப் பயந்து வாழ வேண்டியிருக்கிறது. முதல் சில மாதங்களில் டோஸ் அதிகம். காவல்காரனையே தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருப்பது போல.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே எங்கள் ஆட்டோ அண்ணனுக்காக.

டயாலிசிஸ் காலத்திலிருந்து எங்களை ஏற்றி இறக்கியவர். ஆபரேஷனுக்குப் பிறகு வாரம் இரண்டு நாள் காலையில், மாத்திரை போடுவதற்கு முன்பே, பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போக வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று வண்டியில் வரும்போது நர்ஸ் எழுதிக் கொடுத்ததை அவருக்கு வாசித்துக்கொண்டே வந்தேன். அவருக்கு என்றால் என் வீட்டுக்காரருக்கு. அண்ணன் காதில் விழுந்திருக்கிறது. மறுவாரம் வண்டியில் டெட்டால் வாசனை. சீட்டையும் கைப்பிடிக் கம்பியையும் துடைத்துவிட்டு வந்திருந்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லிக்காட்டவில்லை.

ஐந்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, விடிகாலை ஐந்தரைக்குப் போன். “தங்கச்சி, நான் இன்னிக்கு வரலம்மா. ராத்திரிலேருந்து தொண்டை கரகரங்குது.” உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த நேரத்தில் வேறு வண்டிக்கு எங்கே போவது? அதற்குள் அவரே, “மச்சான் வண்டி வரும். சீட்டு தொடச்சாச்சு. நான் தொடல, அவனையே தொடைக்கச் சொன்னேன்” என்றார்.

கீழே இறங்கினால் வாசலில் வண்டி தயார். எதிர்ப்பக்கம் இஸ்திரி வண்டியை ஒட்டி அண்ணன் நிற்கிறார், துண்டை வாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு. மச்சான் சரியாக வந்தானா என்று பார்க்க வந்திருக்கிறார். “மாமா, ஏன் அங்கயே நிக்கிறீங்க?” என்று என் பையன் கத்தினான். அவர் பதில் சொல்லவில்லை, ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். வண்டி திரும்பும் வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பத்து நாள் அவர் வரவில்லை. மூன்று சவாரி. அந்தக் காசைக் கொடுக்கப் போனபோது, “வராததுக்குக்கூடவா காசு வாங்குவாங்க?” என்று சிரித்தார். அதே மாதம், நன்றாகப் படித்த ஒரு சொந்தக்காரர் தும்மிக்கொண்டே வீட்டு வாசலில் நின்று, “அலர்ஜிதான், ஒண்ணும் ஆகாது” என்று செருப்பைக் கழற்றியதும் நடந்தது. சரி, அதை விடுங்கள்.

இதையும் சொல்லியாக வேண்டும். கடைசியில் வந்த காய்ச்சலுக்குக் காரணம் வெளியாள் யாரும் இல்லை. ஈ.கோலை, அவன் குடலில் இருந்த கிருமியேதான். பிறவியிலேயே மூத்திரப் பாதையில் அடைப்பு இருந்த பிள்ளை. மூத்திரப் பை முழுக்கக் காலியாகாது, தேங்கிய இடத்தில் கிருமி பெருகும். அதனால்தான் மூன்று மணி நேரத்துக்கொரு முறை டியூப் போட்டு மூத்திரம் எடுப்பது, அதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவல், நாளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மலச்சிக்கல் வராத சாப்பாடு, ராத்திரி கிருமி வராமல் தடுக்க செப்ட்ரான் மாத்திரை. இவ்வளவும் செய்தோம், வந்தது. அப்படியென்றால் அண்ணன் பத்து நாள் ஒதுங்கியது வீணா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அட்மிஷன் போடும்போது டாக்டர், “வீட்டில், பக்கத்தில் யாருக்காவது சளி, இருமல்?” என்று கேட்டார். யோசிக்காமல் “இல்லை” என்று சொல்ல முடிந்தது. என்னென்ன வராமல் போனதோ, அதற்கெல்லாம் ரிப்போர்ட் கிடையாதே.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே அம்மை ஊசிகளையும் நிமோனியா ஊசியையும் விடாமல் துரத்திப் போடவைத்த சிஸ்டர் (உயிருள்ள கிருமி வகை ஊசிகளை அப்புறம் போட முடியாது), காய்ச்சலுக்குத் தானாக ஆன்டிபயாடிக் எடுத்துத் தராமல், “சில மாத்திரை டேக்ரோ லெவலை ஏத்திடும்க்கா, டாக்டருக்குப் போன் போடுங்க” என்ற மெடிக்கல் கடைத் தம்பி, டியூபில் வரும் மூத்திரம் சேர்கிற பிளாஸ்டிக் பையைக் கட்டில்மேல் தூக்கி வைத்த என்னை அதட்டிக் கீழே தொங்கவிடச் சொன்ன ஆயாம்மா, ரத்தம் கொடுத்தவர்கள், மேல்வீட்டிலிருந்து ரசத்தைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தனுப்பியவர்கள், வீடியோ காலிலேயே விபூதி பூசிவிட்ட ஊர்ப் பெரியம்மா. எல்லோருக்கும் நன்றி.

இனி எனக்கு லேசாக மூக்கு ஒழுகினாலும் பிள்ளை பெற்ற வீட்டுக்கோ நோயாளி இருக்கிற வீட்டுக்கோ போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். யார் என்ன பேசினாலும் பேசட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ரத்தப் பரிசோதனை. ஆறரைக்கு வண்டி வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன், தொண்டை சரியாக இருக்கிறது என்றார். முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் வருவேன் என்று இவன் அடம்பிடிக்கிறான்.