மீன் தொட்டி பம்பும் ஒரு செமஸ்டரும்

அன்புள்ள பேராசிரியர் ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் அவர்களுக்கு,

வணக்கம். 2016-ல் உங்களுக்கு மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப் என்ற பெரிய அமெரிக்க விருது கிடைத்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது மீன் தொட்டிக்குக் காற்று ஊதுகிற சின்ன பம்பைப் பற்றி.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் உங்கள் மாணவர்கள், அதுவும் இளநிலை மாணவர்கள், அந்தப் பம்புகளை ஒரு பிளாஸ்டிக் ஷூ பெட்டிக்குள் அடக்கி, பிறந்த குழந்தைகள் மூச்சுவிட உதவும் மாதிரிக் கருவி ஒன்றைச் செய்தார்கள். குறைமாதக் குழந்தைக்கு மூச்சு விடும்போதெல்லாம் நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும். திரும்ப விரிக்கத் தெம்பு இருக்காது. மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்று போய்க்கொண்டே இருந்தால் அவை ஒட்டாது. அழுத்தத்தை அமைக்கும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. காற்று வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீர் பாட்டிலுக்குள் 6 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால், 6 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் கிடைத்துவிடும். குமிழி நின்றால் எங்கோ காற்று கசிகிறது என்று நர்ஸ் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். குமிழி முறை பழசுதான். அதை மலிவாக, அடிபட்டாலும் உழைக்கிற மாதிரி செய்ததுதான் புதுசு.

ஆப்பிரிக்க நாடான மலாவியின் பிளான்டயர் நகரில், குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் நடந்த ஆய்வில், ஆக்சிஜன் மட்டும் பெற்ற குழந்தைகளில் 44 சதவீதமும் இந்தக் கருவியில் இருந்தவர்களில் 71 சதவீதமும் பிழைத்தார்கள். சிறிய ஆய்வு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டதும் அல்ல. இருந்தாலும் ஒரு வகுப்பு புராஜெக்ட் இவ்வளவு தூரம் போவதே அபூர்வம்.

பொறியியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன். பெரும்பாலும் விடை எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்வியைத்தான் மாணவர்களிடம் கொடுக்கிறோம். வைவா முடிந்ததும் கருவி அலமாரிக்குப் போய்விடும். நீங்கள் மருத்துவர்களுக்கே விடை கிடைக்காத சிக்கலை முதல் பட்டம் படிக்கிறவர்கள் கையில் கொடுத்தீர்கள். அப்புறம் அந்த ஷூ பெட்டியை வார்டில் நாள் முழுக்க ஓடும் கருவியாக்கப் பல வருடம் கூடவே இருந்தீர்கள். ஒரு கருவி போதாது, பழுது பார்க்க ஆளும் பயிற்சியும் வேண்டும் என்று, ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளின் பராமரிப்பை மேம்படுத்தும் நெஸ்ட்360 கூட்டமைப்பு வரை போனீர்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். செமஸ்டர் சில மாதம்தான், கருவிக்கோ வருடங்கள் ஆகும். ஒரு பேட்ச் பட்டம் வாங்கிக்கொண்டு போனதும், பாதியில் நிற்கும் வேலையை அடுத்த பேட்ச் எப்படிக் கையில் எடுக்கிறது? புதிதாக வருகிறவர்களுக்குச் சொந்த யோசனையைத்தான் செய்து பார்க்க ஆசை இருக்கும். முந்தைய பேட்ச் விட்டுப்போன ஒரு வால்வைச் சரிசெய்கிறவனுக்கு எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள்? எங்கள் மதிப்பெண் பட்டியலில் அதற்கு இன்னும் ஒரு கட்டம்கூட இல்லை.

அன்புடன்,
ஒரு பொறியியல் ஆசிரியர்