பங்குனி ராத்திரிக் கபடி: விழாக் கமிட்டியாருக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் மின்னொளிக் கபடி நடத்தும் விழாக் கமிட்டியாருக்கும், நம் ஊர் அணிகளைப் பழக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

நான் காரைக்குடியில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். மற்ற மாதங்களில் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இடுப்புவலி, கழுத்துவலிக்காரர்கள். மாசி பிறந்துவிட்டால் கூட்டமே மாறிவிடும். முழங்கால் வீங்கிய பையன்கள், தோள்பட்டை இறங்கிய பையன்கள், கணுக்காலைத் தரையில் ஊன்ற முடியாமல் நண்பன் தோளைப் பிடித்துக்கொண்டு வரும் பையன்கள். பாதிப் பேர் பிளஸ் டூ. கோயில் திருவிழாக்களும் பொதுத்தேர்வும் ஒரே சமயத்தில் வருகிற காலம் அது.

விளையாட்டு என்றால் அடிபடத்தான் செய்யும் என்பீர்கள். சரிதான். ஆனால் எந்த வாரத்தில் அதிகம் அடிபடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2016இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டிய நிபுணர் குழு, ஆட்டச்சுமைக்கும் காயத்துக்கும், ஆட்டச்சுமைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது. சுமை என்று அவர்கள் சொல்வதில் ஓட்டமும் எடைப் பயிற்சியும் மட்டும் கிடையாது. அடுத்தடுத்து வரும் போட்டிகள், பயணம், தூக்கம், மனதை அழுத்தும் கவலை எல்லாமே சேர்த்திதான். உடம்புக்கு இதெல்லாம் ஒரே கணக்கில்தான் ஏறுகிறது.

பரீட்சைக் கவலை எப்படி முழங்காலை உடைக்கும் என்று கேட்கலாம். ஆண்டர்சன், வில்லியம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1988லேயே இதை விளக்கினார்கள். மனம் நெருக்கடியில் இருக்கும்போது தசைகள் தேவையில்லாமல் இறுகுகின்றன, பார்வையும் கவனமும் குறுகிவிடுகின்றன. ரெய்டு போகிறவனுக்கு முன்னால் நிற்கிறவன் தெரிவான், ஓரத்திலிருந்து தொடைப்பிடிக்குப் பாய்கிறவன் தெரிய மாட்டான். அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் 'அமெரிக்கன் ஃபுட்பால்' அணியை வைத்துச் செய்த ஆய்விலும், கடும் பயிற்சி முகாமில் எப்படிக் காயங்கள் கூடினவோ அப்படியே பரீட்சை வாரங்களிலும் கூடியிருந்தன.

இதோடு தூக்கம். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் பள்ளி விளையாட்டு வீரர்களுக்கு அடிபடும் வாய்ப்பு 1.7 மடங்கு என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. நம் பையன்கள் டாடா ஏஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய், விடியற்காலை மூன்று மணிக்கு அரையிறுதி ஆடி, குளித்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போகிறார்கள்.

உழைப்பைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆண்டு முழுக்கச் சீராக, கடினமாகப் பழகிய உடம்பு அடியைத் தாங்கும். டிம் காபெட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் வலியுறுத்தியதும் இதைத்தான்: கூடுதல் பயிற்சியைவிடத் திடீர் ஏற்றம்தான் ஆபத்து. ஆத்தங்குடிக் கல்லை வார்த்த உடனே தரையில் பதித்துவிடுவோமா? காய வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவிடுகிறோம் அல்லவா? தசையும் தசைநாரும் வலுப்பெறுவதும் அப்படி இடைவெளியில்தான், ஆட்டத்தின் நடுவே அல்ல.

ஏற்றத்தை அளக்க மெஷின் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்து, 'எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, பத்துக்கு எத்தனை?' என்று பையனிடம் கேளுங்கள். அதை ஆடிய நிமிடங்களால் பெருக்குங்கள். கார்ல் ஃபாஸ்டர் என்பவர் கொண்டுவந்த இந்த முறையைப் பெரிய அணிகளும் பின்பற்றுகின்றன. ஒரு பையன் வாரம் ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம் பழகி ஆறு மதிப்பெண் சொன்னால் வாரத்துக்கு 1800. திருவிழா வாரத்தில் மூன்று நாள் பயிற்சி 1080. அப்புறம் இரண்டு ராத்திரி, ராத்திரிக்கு நான்கு ஆட்டம், ஆட்டம் அரை மணி, கஷ்டம் எட்டு என்று போட்டால் 1920. மொத்தம் 3000. ஒன்றரை மடங்கையும் தாண்டிவிட்டது. எந்த மடங்கில் ஆபத்து தொடங்குகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு, அதனால் ஒன்றரை என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு வாரம் பத்து சதவீதத்துக்குள் ஏற்றுவது நல்லது என்று ஒலிம்பிக் அறிக்கை சொன்னதை மனதில் வைத்தால் போதும். நம் பையன்களுக்கு ஏறுவது அறுபது சதவீதத்துக்கு மேல்.

பும்ராவுக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 151.2 ஓவர் வீசி 32 விக்கெட் எடுத்தவர், சிட்னியில் கடைசி இன்னிங்ஸில் முதுகுப் பிடிப்பால் பந்தைத் தொடவே முடியவில்லை. அதற்கடுத்து 2025இல் இங்கிலாந்து போனபோது, ஐந்து டெஸ்டில் மூன்றுதான் ஆடுவார் என்று முன்பே தீர்மானித்துவிட்டார்கள். அவர் வீசும் ஒவ்வொரு பந்தையும் எண்ண ஆள் இருக்கிறது. நம் ஊர்ப் பையன் ஒரே வாரத்தில் மூன்று அணிக்காக இறங்கினாலும் கேட்க ஆளில்லை. அவனும் மாநில அணி, புரோ கபடி என்று கனவு காண்கிறவன்தான். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தால் குறைந்தது ஒன்பது மாதம் களத்தை மறக்க வேண்டும். பதினேழு வயதில் அந்த ஒன்பது மாதம் எவ்வளவு நீளம் என்பதை அவர்கள் முகத்தில் பார்க்கிறேன்.

நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987 லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தான் முடிந்த வாரத்தில் ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேருக்குச் சளி, காய்ச்சல் போன்ற தொற்று வந்தது. அதே அளவு பழகியும் ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். திருவிழா முடிந்த கையோடு பையன் காய்ச்சலில் படுத்தால் 'கண்ணு பட்டுருச்சு' என்கிறோம். 55 கிலோ பிரிவில் நுழைய இரண்டு நாள் பட்டினி கிடந்து, உச்சி வெயிலில் ஓடி வியர்வை வடித்தவன், உடல் தளர்ந்துதான் களத்துக்கே வருகிறான். இந்தப் பட்டினியை நிறுத்த வேண்டியது பயிற்சியாளர்தான். அவர் சொன்னால் பையன் கேட்பான்.

கமிட்டியாரிடம் நான் கேட்பது இவ்வளவே. பள்ளி மாணவர்கள் ஆடும் பிரிவை மாலை நான்கு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்குள் முடித்துவிடுங்கள். பெரியவர்கள் ஆட்டத்தை விடிய விடிய வைத்துக்கொள்ளுங்கள், கூட்டம் குறையாது. பெயர் பதியும்போதே ஒரு பையனுக்கு ஒரே அணி, ஒரு ராத்திரிக்கு இரண்டு ஆட்டத்துக்கு மேல் இல்லை என்று நோட்டீஸில் அச்சடியுங்கள். பிளஸ் டூ, பத்தாம் வகுப்புத் தேர்வு நாட்களிலும் அதற்கு முந்தின இரவுகளிலும் மாணவர் பிரிவு வேண்டாம். அந்தப் பரிசுத் தொகையைச் சித்திரை, வைகாசிக்கு ஒதுக்கிவையுங்கள். பக்கத்து ஊர்க் கமிட்டிகளும் ஒத்துக்கொண்டால்தான் இது நிற்கும் என்பதால், நாள் குறிக்கும் முன்பு எல்லோரும் ஒருமுறை சேர்ந்து உட்கார வேண்டும்.

பயிற்சியாளர்கள் கார்த்திகையிலேயே நோட்டைத் தொடங்கிவிடுங்கள். அப்போதுதான் மாசியில் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும். எப்படி எழுதுவது என்று காட்டித்தர எந்த ஊர்ப் பொட்டலுக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். முன்கூட்டிச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்