ரெக்கார்டு பண்ண ரகளை

மச்சான்,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு மெசேஜ் கூட போடலன்னு திட்டுவ, திட்டிக்க. அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, கடலூர்ல வெயில் மண்டைய பொளக்குது, வேற விசேஷம் இல்ல. நீங்களும் உங்க கோடை ஜாவா மொழியோட 17ம் வெர்ஷனுக்கு மாத்தப்போறதா சொன்னியே, அதான் அவசரமா எழுதறேன்.

எங்க பாண்டி ஆபீஸ்ல போன வாரம் மாத்துனோம், 8லேருந்து நேரா 17. ஏற்கனவே கம்பைல் பண்ணி, அதாவது மெஷின் ஓட்டற மாதிரி மாத்தி, கட்டி வெச்ச பழைய ஜார் ஃபைல் 17ல சமத்தா ஓடுது, அதே கோடை திரும்ப கம்பைல் பண்ணா "ரெஃபரன்ஸ் டு ரெக்கார்ட் ஈஸ் ஆம்பிகுவஸ்"னு வரிசையா எர்ரர். யார் எப்ப எதை மாத்தினாங்கன்னு பதிஞ்சு வெக்கிற கிட்ல பார்த்தா அந்த ஃபைலையெல்லாம் 2016க்கு அப்புறம் யாரும் தொடவே இல்ல. ஆனா மேனேஜர் புடிச்சது யாரை, புதுசா சேர்ந்த நெய்வேலிப் பையனை. ஜார் ஓடுதுல்ல, அப்ப நீதான் எதையோ கெடுத்திருக்கன்னு எல்லார் முன்னாடியும் ஏறிட்டாரு, பாவம்டா, மதியம் சாப்பிடவே வரல அவன்.

ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா வர்ற குழப்பம், நம்ம ரெண்டு செந்தில் கதைதான் மச்சான்! எங்க மாடல் பேக்கேஜ்ல (பேக்கேஜ்னா கிளாஸ்களை அடுக்கி வெக்கிற ஃபோல்டர் மாதிரி) ரெக்கார்டுன்னு ஒரு கிளாஸ் இருக்கு, மத்த ஃபைல்லாம் அதை ஸ்டார் போட்டு, அதாவது பேக்கேஜ்ல இருக்கறதை மொத்தமா, இம்போர்ட் பண்ணுது. ஜாவாவோட அடிப்படை பேக்கேஜான ஜாவா.லாங் நாம எழுதாமலே ஸ்டார் போட்ட மாதிரி எல்லா ஃபைலுக்கும் வந்துடும்ல, அதுக்குள்ள ஜாவாக்காரங்களே ஒரு ரெக்கார்டை வெச்சிட்டாங்க, 2020ல 14ம் வெர்ஷன் வந்தப்ப பிரிவியூவா (சோதனைக்கு), 16ல நிரந்தரமா. ரெண்டு ஸ்டார்லயும் ஒரே பேரு, எதை எடுக்கறதுன்னு கம்பைலருக்குத் தெரியல. ஏற்கனவே கம்பைல் ஆன ஜார்ல கிளாசோட முழுப்பேரும் பதிஞ்சிருக்கு, அதான் அது பாட்டுக்கு ஓடுது. 1998ல ஜாவாவோட யூட்டில் பேக்கேஜ்ல லிஸ்ட்னு ஒண்ணு வந்தப்பவும் ஏடபிள்யூடி பேக்கேஜ்ல இருந்த லிஸ்டோட இதே சண்டைதான்.

மருந்து ஒரே வரி, நம்ம ரெக்கார்டை முழுப்பேர் சொல்லி இம்போர்ட் பண்ணு, அது எந்த ஸ்டாரையும் ஜெயிச்சிடும்.

ஆனா எனக்கு தூக்கம் போனது இதுக்கில்ல. மாடல் பேக்கேஜுக்குள்ளயே இருக்கற ஃபைல் ஒண்ணுகூட கத்தல, ஏன்னா அதே பேக்கேஜ்ல இருக்கற கிளாசுக்குத்தான் முதல் மரியாதை, ஸ்டார்லாம் அதுக்குப் பின்னாடி. அப்ப நாளைக்கு எவனாவது ஸ்டார் போடற ஃபைல் இருக்கற பேக்கேஜ்லயே அதே பேர்ல, அதே மெத்தடெல்லாம் வெச்சு ஒரு கிளாஸ் போட்டான்னு வை, அங்க ஸ்டார் நம்பி இருக்கற ஃபைல்லாம் திரும்ப கம்பைல் பண்ணதும் சத்தமில்லாம அதுக்கு மாறிடும், எர்ரரே வராது. எங்களுது பில்லிங் கோடு மச்சான், தொகை தப்பா போனா யாரு பாக்கறது? எர்ரர் வந்ததே புண்ணியம்னு தோணுது.

இதுல கொடுமை, ஸ்டாரை யாரும் கையால அடிக்கல, ஒரே பேக்கேஜ்லேருந்து அஞ்சு கிளாஸ் ஆனதும் நாம கோடு எழுதற இன்டெல்லிஜே எடிட்டர் தானா மாத்திடுது. செட்டிங்ல அந்த அஞ்சை 999 ஆக்கிடு, இன்னைக்கே. உங்க டீம்லயும் அப்பாவி எவனாவது சிக்கறதுக்குள்ள கோடுல ரெக்கார்டு, மாட்யூல்னு பேர் இருக்கான்னு தேடிப் பாரு, மாட்யூலும் 9லேருந்து ஜாவா.லாங்ல இருக்கு.

தங்கச்சியைக் கேட்டதா சொல்லு. அந்த 500 ரூபா இன்னும் வரல.

மாப்ள