மாலதிக்கு, உன் இட்லிப்பூ செடி பத்தி

அன்பு மாலதி,

முட்டி வலி இப்ப பரவாயில்லையா, படி ஏற முடியுதா? உன் மெசேஜ் வந்து நாலு நாள் ஆச்சு, பேத்திக்கு காய்ச்சல், அவ அம்மா வேலைக்குப் போயிட்டா நான்தான் பாத்துக்கணும், அதான் உடனே எழுத முடியல. இப்ப தேவலாம், பக்கத்துல உக்காந்து படம் வரைஞ்சிட்டு இருக்கா.

இட்லிப்பூ செடி இலை மஞ்சளாகுதுன்னு நீ அனுப்புன போட்டோ பாத்ததும் பகீர்னு ஆயிடுச்சு டீ, ரெண்டு வருஷம் முன்னாடி என் செடியும் அச்சு அசல் இப்படித்தான் இருந்துச்சு. உரம் பத்தலன்னு இன்னும் ரெண்டு பிடி போட்டேன்னு எழுதியிருக்க, தயவுசெஞ்சு நிறுத்து. போட்டோவ பெருசு பண்ணிப் பாரு, கீழ இருக்குற பழைய இலையெல்லாம் பச்சையாத்தான் இருக்கு, நுனியில புதுசா வர்றது மட்டும்தான் மஞ்சள், அதுலயும் நரம்பு மட்டும் பச்சைக் கோடா தெரியுது பாத்தியா, இரும்புச்சத்து போய்ச் சேரலன்னா இப்படித்தான் ஆகும். தழைச்சத்து, அதான் நைட்ரஜன், குறைஞ்சா பழைய இலைதான் முதல்ல மஞ்சளாகும், செடி அதுலேருந்து எடுத்து குருத்துக்கு அனுப்பிடும். இரும்பு அப்படி இடம் மாறாது, அதனால குருத்துதான் மஞ்சளாகும்.

மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தியான மண்ணுல வேரால அத எடுக்க முடியாது. நாம ஸ்கூல்ல வெட்சித் திணைன்னு படிச்சோமே, அந்த வெட்சிதான் இது, இதுக்கு கொஞ்சம் அமிலத்தன்மை இருக்குற மண்ணுதான் ஒத்துக்கும், அமில அளவச் சொல்ற பிஹெச் 5லேருந்து 6 வரைக்கும். என் செடிய புதுசா பூசின காம்பவுண்டு சுவத்த ஒட்டி வெச்சிருந்தேன், தோண்டி எடுத்தப்ப வேருக்குள்ள கோலிகுண்டு சைஸுக்கு சுண்ணாம்பு ஊறுற சிமெண்ட் கட்டி சிக்கிட்டு இருந்துச்சு, ஒவ்வொண்ணா விரலாலயே எடுத்தேன், பாவம் ஒரு வருஷமா அதுலயே நின்னுருக்கேன்னு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் செம்மண்ணு, மக்குன இலை, தொழுவுரம் எல்லாம் கலந்து பெரிய தொட்டியில வெச்சேன், ரெண்டு மாசம் கழிச்சு செம்பு கலர்ல தளதளன்னு ஒரு தளிர் வந்துச்சு பாரு, அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் உனக்குத்தான் புரியும்.

உன் பக்கெட்டுல வெள்ளையா படியுதுன்னு சொல்வியே, அந்தச் சுண்ணாம்புத் தண்ணியும் ஒரு காரணம், முடிஞ்சப்பல்லாம் மழைத்தண்ணி புடிச்சு ஊத்து. சாம்பல், முட்டை ஓடு ரெண்டும் வேண்டவே வேண்டாம், மத்த செடிக்கு நல்லதுன்னு இதுக்கும் போட்டுடாத. மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், நிறைய இருக்குற பூ உரமும் இரும்ப இன்னும் கட்டிப் போட்டுடும். அவசரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணியில 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), 1 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைச்சு சாயங்கால வெயில் தாழ்ந்ததும் இலைக்கு அடி, முதல்ல ஒரு கிளைக்கு மட்டும் அடிச்சு ரெண்டு நாள் பாரு, இலை கருகலன்னா மத்ததுக்கும் அடி.

வெயில் நல்லா படுற இடமா மாத்திடு, நிழல்ல இலைதான் வரும். கத்தரிக்கிறது ஒரு சுற்று பூத்து முடிஞ்சப்புறம்தான், ஏன்னா கிளை நுனியிலதான் கொத்து வைக்கும், வேலி மாதிரி மட்டமா வெட்டிக்கிட்டே இருந்தா மொட்டும் சேந்து போயிடும். எறும்பு ஏறுனா இலைக்கு அடியில பாரு, செதில் பூச்சி இருக்கும், வேப்பெண்ணெய் 5 மில்லி ஒரு லிட்டருக்கு, ரெண்டு சொட்டு சோப்பு, போதும்.

இன்னிக்கு காலையில என் செடியில ஊசி ஊசியா நின்ன மொட்டுல ஒண்ணு ரெண்டு மட்டும் நாலு இதழா விரிஞ்சிருந்துச்சு, ஒரு பட்டாம்பூச்சி அந்த ரெண்டுத்துலயும் மாத்தி மாத்தி உக்காந்துச்சு, பேத்தி காய்ச்சல மறந்துட்டு பாத்துட்டே நின்னா. அரை முத்தின குச்சி ரெண்டு வெட்டி நட்டு வெச்சிருக்கேன், வேர் விட ரெண்டு மாசமாவது ஆகும், ஒண்ணு உனக்கு.

செடிய பேர்த்து எடுக்குறப்ப வேரையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முட்டிய வெச்சுக்கிட்டு நீயே குனிஞ்சு தோண்டாத, யாரையாவது கூப்பிட்டுக்கோ.

அன்புடன்,
உன் வசந்தி