பொதுச் சந்தைக் குத்தகையையும் அடுத்த ஆண்டுப் பாதீட்டையும் முடிவெடுக்கும் முன்னரே மக்கள் முன் வைக்கக் கோரும் மனு

ஆணையாளர் அவர்கள்,
உள்ளூராட்சித் திணைக்களம்,
வடக்கு மாகாணம்.

பிரதிகள்: எமது பிரதேச சபையின் தவிசாளர், செயலாளர்

மதிப்புக்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

எமது வட்டாரத்தின் கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் சேர்ந்து இந்த மனுவைத் தருகின்றோம். சபையின் பெயர், வட்டாரத்தின் பெயர், கையொப்பங்கள் எல்லாம் இணைப்புத் தாளில் உள்ளன. நாங்கள் கேட்பது ஒன்றுதான். சபைக்குப் பணம் வரும் வழியையும் அந்தப் பணம் போகும் வழியையும் தீர்மானிக்கும் முன்னர் எங்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு அறிவித்தல் பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் பயனில்லை.

இது புதிய ஆசை அல்ல. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் முகப்பிலேயே, உள்ளூர் நிருவாகத்திலும் அபிவிருத்தியிலும் முடிவெடுக்கும்போது மக்கள் பயனுள்ள விதத்தில் பங்குபற்றக் கூடுதல் வாய்ப்புத் தருவதற்காகவே இந்தச் சபைகள் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள், மக்களின் வசதி, நலன் எல்லாம் சபையின் பொறுப்பு என்கிறது அதே சட்டம். நாங்கள் ஓட்டும் சைக்கிளுக்குக் கீழே கிடக்கும் ஒழுங்கை முதல், எங்கள் தாய் தகப்பனை எரிக்கும் மயானம் வரை சபையின் கையில்தான். கொழும்பில் யார் ஆட்சிக்கு வந்தாலும் எங்கள் அன்றாடத்தை முதலில் தொடுவது இந்தச் சபைதான்.

2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப் போனது. மக்கள் தெரிவுசெய்த ஒருவர்கூட இல்லாமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். தேர்தலை உரிய காலத்தில் நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 அன்று வாக்களித்து மீண்டும் ஒரு சபையை அமைத்திருக்கிறோம். அப்படிக் காத்திருந்து பெற்ற சபை என்பதால்தான் அதனிடம் உரிமையோடு கேட்கிறோம்.

முதலில் சந்தை. விடியப்புறம் லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தில் மரக்கறி மூட்டைகளோடு போகிறவர்கள் நாங்கள். கத்தரிக்காய்ச் சாக்கு ஒன்றைத் தராசில் வைத்தால் 52 கிலோ காட்டும். வியாபாரி எழுதித் தரும் துண்டில் 47 என்று இருக்கும். மிச்சம் ‘கழிவு’. நூற்றுக்குப் பத்து. வாடல், பழுது, சாக்கின் பாரம் என்று காரணம் சொல்வார்கள். அன்று காலை பிடுங்கிய காய்க்கும் அதே கழிவுதான், நாலு நாள் கிடந்த காய்க்கும் அதே கழிவுதான். வெங்காயத்துக்கும் வாழைக்குலைக்கும் வேறு வேறு கணக்குச் சொல்லும் இடங்களும் உண்டு. பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறைப்புக்கும் கொடுத்த காசில் எவரும் எங்களுக்குப் பத்து வீதம் கழித்துத் தரவில்லை. மறுத்துப் பேசினால் மூட்டையைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகச் சொல்வார்கள். வெயில் ஏறினால் அந்தக் காயை யார் வாங்குவார்? அதனால் வாயை மூடிக்கொண்டு துண்டை வாங்குகிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கழிவு பற்றிய முறைப்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. கூட்டங்களில் பேசப்படுகிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது. நாங்கள் சொல்ல வருவது, சந்தை சபைக்குச் சொந்தமானது. அதன் குத்தகை நிபந்தனைகளை எழுதுவதும் சபைதான். ஒவ்வோர் ஆண்டும் கேள்விப்பத்திரம் கோரி, கூடிய தொகை தருபவருக்குச் சந்தை வசூல் கொடுக்கப்படுகிறது. அந்த ஒப்பந்தத்தில் சபைக்கு எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும் என்பது விவரமாக இருக்கும். கமக்காரரின் நிறுவை பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று கேட்டால் எவரும் தெளிவாகப் பதில் சொல்வதில்லை. ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்க்கவும் கிடைக்கவில்லை. கழிவு எடுக்கக் கூடாது, முத்திரையிட்ட தராசில் சபை உத்தியோகத்தர் முன்னிலையில் நிறுக்க வேண்டும், தரகு எவ்வளவு என்பது பலகையில் எழுதியிருக்க வேண்டும், மீறினால் அனுமதி இரத்து என்று அடுத்த குத்தகையில் நான்கு நிபந்தனை சேர்த்தாலே போதும். சபைக்கு இதனால் ஒரு சதமும் செலவில்லை.

அதே சந்தையில் ஒடியல் மாவும் கீரையும் முருங்கையும் கொண்டுவந்து நிலத்தில் சாக்கு விரித்து இருக்கும் பெண்களையும் சொல்ல வேண்டும். கார்த்திகை மழையில் அவர்கள் இருக்கும் இடம்தான் முதலில் வெள்ளம் நிற்கும் இடம். அன்றைக்கும் இடவாடகை அறவிடப்படுகிறது, சிட்டை கிழித்துத் தரப்படுகிறது. மலசலகூடம் பூட்டியிருக்கும். திறப்பு யாரிடம் என்று கேட்டால் குத்தகைகாரர் சபையைக் காட்டுவார், சபை குத்தகைகாரரைக் காட்டும். அதிகாலை முதல் மத்தியானம் வரை ஒரு வயதான பெண் தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஏன் என்று ஆணையாளர் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் சட்டத்தால் கிடைத்திருக்கிறது. எங்கள் பெண் உறுப்பினர்கள் இதை அமர்வில் எழுப்புவார்கள் என்று நம்புகிறோம். அதற்குத் திணைக்களத்தின் பலமும் வேண்டும்.

அடுத்தது பாதீடு, அதாவது சபையின் ஆண்டு வரவு செலவுத் திட்டம். வீடு வளவுகளுக்கான சோலை வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப்பணம் என்று பல வழியில் சபைக்கு வருமானம் வருகிறது. சம்பளத்தின் பெரும்பகுதியை அரசு தருகிறது. ஆண்டு முடிவில் பாதீடு தயாராகி, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வரும். போய்ப் பார்த்தால் தடித்த கோவை ஒன்று. செலவுத் தலைப்புகளும் இலக்கங்களும் வரிசை வரிசையாக இருக்கும். எங்கள் வட்டாரத்துக்கு என்ன என்று அதில் கண்டுபிடிக்கக் கணக்காளர்தான் வர வேண்டும். அலுவலக நேரத்தில் மட்டும் பார்க்கலாம் என்பதால் தோட்டத்தை விட்டுப் போகவும் வேண்டும்.

அதனால் பாதீட்டு வரைவை நிறைவேற்றுவதற்கு முன்னர் ஒவ்வொரு வட்டாரத்திலும் சனசமூக நிலையத்திலோ வாசிகசாலையிலோ ஒரு மாலைப்பொழுதில் கூட்டம் வைத்து, அந்த வட்டாரத்துக்கான வீதி, மதகு, தெருவிளக்கு, வடிகால் வேலைகளை ஒரே தாளில் எழுதி வாசிக்க வேண்டும். எது முந்த வேண்டும், எது பிந்தலாம் என்று ஊர் சொல்லட்டும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். போன மாரியில் வெள்ளம் ஓடாமல் நின்றதற்குக் காரணமான மதகு எது என்று ஊரில் கேட்டிருந்தால், கொங்கிறீட் போட வேறு ஒழுங்கையைத் தெரிவுசெய்திருக்க மாட்டார்கள்.

சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நிதி, வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழில்நுட்பம், சுற்றாடல் எனக் குழுக்கள் இருக்கின்றன. சந்தை வரும் குழுவில் கமக்காரர் ஒருவரும் சந்தைப் பெண்களில் ஒருவரும் இருந்தால் மேலே சொன்ன பாதி விடயம் இங்கே மனுவாக வந்திருக்காது.

சபைக்கு நாங்கள் கொடுக்கும் முறைப்பாடுகள் பற்றியும் சுருக்கமாக. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு, மற்ற உள் வீதிகள் சபைக்கு என்பது பலருக்குத் தெரியாது. பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் வித்தியாசம் தெரியாமல் அலைகிறவர்களும் உண்டு. கொடுத்த கடிதத்துக்குப் பதிவு இலக்கமும் திகதியும் போட்ட பற்றுச்சீட்டுத் தந்து, அது சபையின் வேலையல்ல என்றால் யாருடையது என்றும் எழுதிக் கொடுக்கச் சபைகளிடம் சொல்லுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு தெருவிளக்கு மின்குமிழுக்காக அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போக நாங்கள் விரும்பவில்லை.

சபை ஊழியர்கள் மீது எங்களுக்குக் கோபமில்லை. ஆளணி போதாமல், பழைய உழவு இயந்திரத்தோடு, மழையிலும் குப்பை ஏற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம்.

எனவே ஆணையாளர் அவர்கள், அடுத்த ஆண்டுக் குத்தகைக்குக் கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்னர் மேற்சொன்ன சந்தை நிபந்தனைகளைச் சேர்க்கும்படியும், பாதீட்டை நிறைவேற்றும் முன்னர் வட்டாரக் கூட்டங்களை நடத்தும்படியும் மாகாணத்தின் எல்லாப் பிரதேச சபைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். எமது சந்தைக்கு அதிகாலையில் ஓர் உத்தியோகத்தரை அனுப்பி, நிறுவை நடப்பதை நேரில் பார்த்து அறிக்கை பெற வேண்டும். முன்கூட்டியே அறிவிக்காமல் வந்தால் நல்லது. எழுத்து மூலமான பதிலை இணைப்பிலுள்ள கமக்காரர் அமைப்பின் முகவரிக்கு அனுப்பிவைக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம் ஆகியவற்றின் சார்பில்
வட்டார மக்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள், சந்தைத் துண்டுகளின் பிரதிகள்