மாதவிடாய் வலி: கைப்பேசிச் செய்திகளுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் கல்லூரி விடுதி மாணவியருக்கு மாதவிடாய் வலி பற்றிக் கைப்பேசியில் செய்தி அனுப்பும் பணி இந்தக் கல்வியாண்டு முழுவதும் தடையின்றி நடந்தது. துணை நின்றவர்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த உதவியைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி மகப்பேறு மருத்துவர் அம்மாவுக்கு. இரவுப் பணி முடித்து வந்த களைப்பிலும் ஒவ்வொரு செய்தியையும் வரிவரியாகப் படித்துத் திருத்தினார். கருப்பையின் உட்சுவரில் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்தான் தசையை இறுக்கி வலி தருகிறது; இபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அது உண்டாவதையே குறைக்கின்றன. எனவே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து, தாங்க முடியாதபோது போடுவதைவிட, வலி தொடங்கும்போதே போட்டால் பலன் அதிகம். இதை எங்களில் பலருக்கு அதுவரை யாரும் சொன்னதே இல்லை. "மாத்திரை போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது" என்று கேட்டு வளர்ந்தவர்களின் அச்சத்தையும் பொறுமையாகத் தீர்த்துவைத்தார். ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். மாதவிடாய் வலிக்குப் போடும் இன்னொரு மருந்தான மெஃபனாமிக் அமிலத்தால் அரிதாகக் கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்று 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் விடுத்த எச்சரிக்கையையும் சேர்க்கச் சொன்னவர் அவரே.

வாட்ஸ்அப் இல்லாத சாதாரண போன் வைத்திருந்த தோழியருக்குக் குறுஞ்செய்திதான் வழி. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகளே இடம். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் கணக்கு. தமிழ்த் துறை மாணவி ஒருவர் விரல்விட்டு எண்ணி எண்ணிச் சுருக்கினார். "வலி தொடங்கியதும் மாத்திரை போடுக. வெறும் வயிற்றில் வேண்டாம்." இதற்குமேல் என்ன வேண்டும்? அவருக்கு என் வணக்கம்.

ஒத்தடம் நல்லது என்று செய்தி அனுப்பிவிடலாம். வெந்நீருக்கு எங்கே போவது? இரவு உணவு முடிந்து அடுப்பைக் கழுவிய பிறகும் ஒரு பாத்திரம் வெந்நீரை மூடி வைத்துவிட்டுப் போன மெஸ் அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. படிப்பு நேரத்திலும் கைப்பேசியைப் பார்க்க இசைந்த வார்டன் அம்மாவுக்கும் நன்றி.

மாதவிடாய் இல்லாத நாள்களிலும் வலித்தால், மாத்திரைக்கும் அடங்காவிட்டால், ஆண்டுக்கு ஆண்டு கூடினால் மருத்துவரைப் பாருங்கள் என்ற செய்தியைப் படித்து, துணிந்து மருத்துவமனைக்குப் போனார் ஒரு தோழி. அவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) என்று தெரிந்தது. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய் இது. பலருக்குக் கண்டறியவே ஆண்டுகள் ஆகின்றன. தன் அனுபவத்தை விடுதியில் எல்லோர் முன்னும் பேசிய அவருக்கும், கூச்சமின்றி உடன் வந்து மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்ட அவருடைய அப்பாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

வரும் ஜூன் முதல் இரண்டாம் ஆண்டு மாணவியர் இப்பணியை ஏற்கிறார்கள். செய்திகளைத் தொடர்ந்து பார்த்துத் தர மருத்துவர் அம்மா இசைந்திருக்கிறார்.

நன்றியுடன்,
விடுதி மாணவியர் சார்பில்,
முதுநிலை இறுதியாண்டு மாணவி