ஒரு ரூபாய்ப் பொட்டலம் இரண்டு வேண்டும்

நெல்லைச் சீமையின் வங்கிக் கிளை மேலாளர்களுக்கும், கூண்டுக்குள் இருந்து தினமும் எங்கள் முகத்தில் விழிக்கும் காசாளர்களுக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் தோளில் தோல்பை தொங்கியது. சில்லறைக்காக நான் வாங்காத ஏச்சு இல்லை. மூன்று ரூபாய் மீதி தர வழியில்லாமல் டிக்கெட்டின் முதுகில் 3 என்று எழுதிச் சுழித்துக் கொடுப்போமே, அந்தச் சுழியை நம்பி ஜங்ஷனில் இருந்து அம்பாசமுத்திரம் வரை கண்ணயராமல் வந்த ஆச்சிகளை எனக்குத் தெரியும். இறங்குகிற இடம் மறந்தாலும் கையை நீட்ட மறக்க மாட்டார்கள்.

போன மாதம் ஒரு வங்கிக்குப் போனேன். பெயர் வேண்டாம், உங்களில் ஒருவர்தான். ஒரு ரூபாய்ப் பொட்டலம் இரண்டு கேட்டு இருநூறு ரூபாயை நீட்டினேன். நூறு நூறாக பாலித்தீன் பையில் கட்டி வைத்திருப்பீர்களே, அதுதான். புழக்கத்தில் வரும் காசில் விசேஷமானதைத் தேடி எடுத்து வைப்பது என் பொழுதுபோக்கு.

"எதுக்குய்யா?" என்றார் கூண்டுக்குள் இருந்த தம்பி.

"பாக்கிறதுக்கு."

"பாத்துட்டு?"

"வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கடையில கொடுத்திருவேன்."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "பெரியவருக்கு வேற சோலி இல்ல போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது உண்மைதானே. தம்பி மட்டும் சிரிக்காமல், "காயின் ஸ்டாக் இல்லை" என்று சொல்லிவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால், கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு நாணயச் சாக்கை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அதே வரிசையில் எனக்கு அடுத்து வந்த டீக்கடைக்காரர் ஒரு பை நிறையச் சில்லறையைக் கணக்கில் போட வந்திருந்தார். "சில்லறை வாங்குறதில்ல அண்ணாச்சி, வைக்க இடமில்ல" என்று அவரையும் அனுப்பிவிட்டார்கள். கேட்டவனுக்குக் காசு இல்லை, கொண்டுவந்தவரிடம் வாங்க இடம் இல்லை. இரண்டும் ஐந்து நிமிஷத்துக்குள்.

சட்டம் பேச நான் வரவில்லை. ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நோட்டும் நாணயமும் எல்லா மதிப்பிலும் பொதுமக்களுக்குக் கொடுக்க வேண்டும், சில்லறையை மறுக்காமல் வாங்க வேண்டும் என்று எல்லாக் கிளைகளுக்கும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நூறு நூறாகக் கட்டிக் கொண்டுவந்தால் இரண்டு பக்கமும் சௌகரியம் என்பதும் அவர்கள் சொன்னதுதான். கடைக்காரர் தமக்கு வர வேண்டிய பணத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் நாணயமாக வாங்க வேண்டிய கட்டாயம் 2011 நாணயச் சட்டப்படி இல்லை. ஆனால் வங்கியில் போடுவதற்கு அப்படி எந்த உச்சவரம்பும் கிடையாது. சட்டம் இவ்வளவு போதும்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது பாபநாசத்தில். கடைசி டிரிப் முடிந்து வண்டி நிற்கும்போது, பையைக் கொட்டி எண்ணுவேன். ஆற்றில் முங்கிக் காசு பொறுக்கும் பையன்கள் ஊருக்குத் திரும்ப அதையே டிக்கெட்டுக்குக் கொடுப்பார்கள். 2018 புஷ்கர நீராட்டுத் திருவிழாவின்போது இந்தக் காசு ரொம்பவே வந்தது. மஞ்சள் ஐந்து ரூபாய் தாமிரபரணித் தண்ணீரில் கிடந்து புளி போடாத விளக்கு மாதிரி கறுத்திருக்கும். அப்படி ஒன்றை வேட்டி முனையில் தேய்த்தபோது ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளி தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்த்தேன், போகவில்லை. அது காசு அடித்த ஆலையின் அடையாளம். புள்ளி என்றால் நொய்டா. வைரக்கட்டம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு ஐந்து ரூபாய் எந்த ஊரில் பிறந்து எந்த ஆற்றில் விழுந்து என் பைக்கு வந்தது என்று யோசித்துக்கொண்டே டீயை ஆறவிட்டேன்.

அமெரிக்காவில் இதற்கென்று பெரிய கூட்டமே உண்டு. வங்கியில் காகிதச் சுருளாகக் காசு வாங்கி, பிரித்துப் பார்த்து, மிச்சத்தை வேறொரு வங்கியில் போடுவார்கள். வாங்கிய இடத்திலேயே கொட்டக் கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். அவர்கள் தேடுவது வெள்ளி. 1964 வரை வந்த அரை டாலரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, அதற்குப் பிறகு 1970 வரை நாற்பது பங்கு. நம் ரூபாய் 1947-லேயே நிக்கலுக்கு மாறிவிட்டது. ஆகவே நம் பொட்டலத்தில் வெள்ளிக்கு வழியே இல்லை. கிடைப்பது வேறு. உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995-இல் வந்த வள்ளுவர் காசு. காமராசர் நூற்றாண்டு ஐந்து ரூபாய். அண்ணா நூற்றாண்டுக்கு 2009-இல் வந்த ஐந்து ரூபாய், அதில் அவர் கையெழுத்து தமிழிலேயே இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-இல் வந்தது. 1985 ஒரு ரூபாயில் H என்ற எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்து வாங்கியது. பத்துப் பொட்டலம் பிரித்தால் ஒன்றிரண்டு தேறும். பல நாள் அதுவும் கிடையாது.

இதை விற்று நான் லட்சாதிபதி ஆகப்போகிறேன் என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். 'வைஷ்ணோ தேவி படம் போட்ட காசுக்குப் பத்து லட்சம்' என்று போனில் வருகிற விளம்பரம்தான் காரணம். பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கிற வேலை தங்களுக்கு இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. என் டப்பாவில் இருப்பதில் பெரும்பாலானதைக் கடையில் கொடுத்தால் ஒரு ரூபாய்க்கு ஒரு கடலை மிட்டாய் வரும், அவ்வளவுதான்.

என் பக்கம் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் முன்பு ஒரு கிளையில் வாங்கிய பொட்டலத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்தேன். எடுத்த வள்ளுவருக்குப் பதில் காசு வைக்க மறந்துபோனேன். எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றொன்பது. அந்த அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பார்வைதான் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு பைசா குறையாமல் கட்டியவன் நான். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

அதற்குப் பிறகுதான் பலகை செய்தேன். என் மனைவியின் ஊர் செங்கோட்டை. அது முன்பு திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது, 1956-இல்தான் நம்மோடு சேர்ந்தது. மன்னர் காலத்தில் அங்கே 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பழைய சக்கரம் என்பது மிளகு மாதிரிச் சின்ன வெள்ளிக்காசு. கையால் எண்ணி மாளாது என்று குழி குழியாகப் பலகை வைத்திருப்பார்கள். காசைக் கொட்டி ஒரு ஆட்டு ஆட்டினால் குழிக்கு ஒன்று உட்காரும், குழி நிறைந்தால் கணக்கு முடிந்தது. அதே மாதிரி நூறு குழி வெட்டி ஆசாரியிடம் ஒரு பலகை வாங்கினேன். இங்கேதான் ஒரு வேடிக்கை. 1992-க்குப் பிறகு வந்த பழைய எஃகு ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011-இல் வந்த புது ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம், குழியில் லொடலொட என்று ஆடும். ஆனால் 2011-இன் இரண்டு ரூபாய் சரியாக 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். பழைய ஒரு ரூபாய்க் குழியில் அச்சாக உட்கார்ந்துவிடும்!

ஆகவே எடை போட்டுப் பொட்டலம் கட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நூறு பழைய ஒரு ரூபாய் 485 கிராம், நூறு புதியது 379. இரண்டும் கலந்தால் எடை எதையும் சொல்லாது. நடுவில் இரண்டு ரூபாய் நுழைந்தால் கண்ணுக்கும் தெரியாது. ஒரு தடவை ஒரு ரூபாய்ப் பொட்டலத்தில் மூன்று இரண்டு ரூபாய் கிடந்தது. மறுநாள் போய் மூன்று ரூபாய் திருப்பிக் கொடுத்தேன். மேலாளர் வெளியே வந்து பார்த்தார். மூன்று ரூபாய்க்காக பஸ் ஏறி வந்தவனைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கும் போல. அந்தக் கிளையில் மட்டும் எனக்கு இன்றைக்கும் பொட்டலம் கிடைக்கிறது.

உங்கள் சங்கடமும் புரியாமல் இல்லை. சில்லறையை வெளியே கொடுத்தால் நாணயச் சாக்கு ஒன்றுக்கு 65 ரூபாய் என்று 2021 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஊக்கத்தொகையைக் கூட்டியது. அதற்கு முன்னால் 25. கிராமத்துக்கும் சிற்றூருக்கும் மேலே பத்து. ஆனால் நான் வாங்கிப் போன காசு நாலாம் நாள் உங்களிடமே திரும்பி வந்தால் உங்களுக்கு என்ன லாபம்? எண்ணுகிற வேலை ஒன்றுக்கு இரண்டு.

அதனால் இப்போது நான் திருப்பிக் கொண்டுவருவதே இல்லை. பிரித்துப் பார்த்த பொட்டலத்தைப் பலகையில் எண்ணி, மறுபடி நூறாகக் கட்டி, வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்துக்கு எடுத்துப் போகிறேன். டீக்கடையில் எல்லாம் ஸ்கேன் பண்ணித் துட்டுக் கொடுக்கிற காலம் இது, சரி. ஆனால் முதல் டிரிப் எடுக்கிற நடத்துநருக்கு இன்றைக்கும் சில்லறை வேண்டும். நூற்றுக்கு நூறு கொடுக்கிறேன், கமிஷன் கிடையாது. "அண்ணாச்சி, நாளைக்கும் வருவியளா?" என்று கேட்கிறார்கள். நான் எங்கே போய் வாங்க?

பத்து ரூபாய் நாணயமும் கொடுங்கள். கோடு பத்தா பதினைந்தா, ரூபாய்க் குறி இருக்கிறதா இல்லையா என்று இங்கே பஸ்ஸில் நடந்த சண்டைகளை நான் நேரில் பார்த்தவன். பதினான்கு வடிவமும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அந்தக் காகிதத்தை உங்கள் சுவரில் ஒட்டுங்கள். நீங்களே வாங்க யோசித்தால் பூக்கடை அக்கா எப்படி வாங்குவார்?

ஒன்றாம் தேதியில் இருந்து ஏழாம் தேதி வரை வர மாட்டேன், அது பென்ஷன் கூட்டம். திங்கள்கிழமையும் வேண்டாம். காலையில் வந்து வரிசையை நிறுத்த மாட்டேன். இருந்தால் கொடுங்கள், நிஜமாகவே இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள், போய்விடுகிறேன். கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு செங்கல் வேண்டுமானால் வீட்டில் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு வருவேன். ஒரு ரூபாய்ப் பொட்டலம் இரண்டு. இருநூறு ரூபாய், இரண்டு நூறு ரூபாய்த் தாளாகவே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
பாளையங்கோட்டை